கழுத்தளவு

மொத்தம் பதினாறாயிரத்து ஐந்நூறு.
புரொஜெக்டர் வாடகைக்கே ஒன்பது போய்விட்டது.
கேமரா நப்பின்னையுடையது, இரவல்.
கறுப்புத் துணி, ஆணி, ஆட்டோ, திறப்பு விழா வடை.
மிச்சத்தில் ஒரு மூளை வாங்க வேண்டும்.

ரிச்சி தெருவில் மழை விட்டிருந்தது.
வயர்ச் சுருள்களுக்கு மேல் தார்ப்பாய்,
தார்ப்பாய்க்கு மேல் ஒரு குளம்.
கடைப் பையன் குச்சியால் குத்தி அதை
வருகிறவர்கள் மேல் இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன வேலைக்கு?" என்றார் கலீல்.
சுவரில் தண்ணீர் ஏற்ற, என்றேன்.
எதிரிலிருந்த மோட்டார் கடையைக் கை காட்டினார்.

நிஜத் தண்ணீர் இல்லை.
முன்னால் ஆள் வந்து நின்றால்
கழுத்து எங்கே என்று கண்டுபிடித்து
அதுவரை உயர்கிற வெளிச்சத் தண்ணீர்.
நெட்டைக்கு நெட்டை வெள்ளம், குழந்தைக்குக் குட்டி வெள்ளம்.
யார் மூக்கையும் தொடாது.
யாரையும் இடுப்போடு விடாது.

"இதைப் பார்க்க டிக்கெட்டா?"
இலவசம்.
"அப்ப சரி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

முதலில் ஒரு பச்சைப் பலகை,
சீட்டுக்கட்டு அளவு. அழகு.
கூடவே சார்ஜர், கார்டு, டப்பா, விசிறி என்று
ஒவ்வொன்றாக மேசையில் வைக்க வைக்க
சீர்வரிசை நீண்டது. பெண்ணை வேண்டாம் என்றேன்.

இரண்டாவதில் எல்லாம் இருந்தது. சத்தமும் இருந்தது.

மூன்றாவது அலமாரிக்கு அடியிலிருந்து வந்தது,
மூடிப்போன ஏதோ கால் சென்டரின் பெட்டி.
டைரித் தடிமன். விசிறி கிடையாது.
முதுகில் பாதி கிழிந்த ஸ்டிக்கர்: இருக்கை 114.
எத்தனை பேரின் திட்டை வாங்கியதோ
சூடாகாமல் இருந்தது.
மூவாயிரத்து எழுநூறு. மூன்றரைக்கு முடிந்தது.

நப்பின்னை போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
"கரண்ட் போய் வந்தா தானா எழுந்துக்குமா?"
கலீல் பிளக்கைப் பிடுங்கினார். செருகினார்.
நான், அவர், குச்சியோடு அந்தப் பையன்,
அடைக்கு வைத்த முட்டையைப் போலக் குனிந்து பார்த்தோம்.
நாற்பது நொடி.
நீலப் புள்ளி.

ரசீதில் எழுதினார்:
பழைய பெட்டி ஒன்று. உத்தரவாதம் இல்லை.

காசிமேட்டில், ஓடாத ஐஸ் பேக்டரிக்குள்
நப்பின்னை இரண்டு ராத்திரி உட்கார்ந்தாள்.
பெரிய புரோகிராம் அதற்குச் செரிக்கவில்லை.
கஞ்சி மாதிரி ஒன்றைக் காய்ச்சி ஊட்டினாள்:
தலை, அதன் கீழ் கழுத்து, அதன் கீழ் தோள்.
அவ்வளவுதான் அது அறிந்த மனிதர்.
அதற்கும் அரை நொடி யோசிக்கும்,
பெயரைக் கேட்டுத் தாமதமாகத் திரும்புகிறவர் போல.

முதல் நாள் முப்பது பேர்.
கழுத்தளவு நீரில் நின்று சிரித்துப் படம் எடுத்தார்கள்.
மீன் விற்றுத் திரும்பிய ஒரு அம்மா
கூடையை இறக்காமலே பார்த்தார்.
"எங்க வூட்ல இதுக்கு மேல வந்துச்சு."
போய்விட்டார்.
நான் வடைத் தட்டை இடம் மாற்றி வைத்தேன்.

மறுநாள் வாட்ச்மேன் ஏசுபாதம் சொன்னார்:
ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சு மேடம்.
வந்ததும் அதுவே முழிச்சிக்கிச்சு.
உக்காந்தா கழுத்துக்கு வருது.
எந்திரிச்சா கூடவே எந்திரிக்குது.
ஸ்டூல் மேல ஏறினேன், அதுவும் ஏறுது.
அப்புறம் படுத்துட்டேன்.
பூரா வடிஞ்சிடுச்சு.

படுத்தவர் அதற்கு ஆளில்லை, என்றாள் நப்பின்னை.
அதையும் கற்றுக்கொடுக்கலாம்,
வேறு பெட்டி வேண்டும், இன்னும் எட்டாயிரம் ஆகும்.

என்னிடம் முந்நூற்று இருபது இருந்தது.
தரையில் அவர் விரித்த செய்தித்தாள்
இன்னும் கிடந்தது, முதுகின் ஈரத்தோடு.
செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அரை நொடி.